கழுத்தோடு நின்ற படம்

ஜனவரி 8

தம்பி மனைவிக்கு,

நலம், நலமறிய ஆவல்னு ஆரம்பிக்கணும். நான் நலமா இருந்தா உனக்கு எதுக்கு எழுதப் போறேன்? அதனால அந்த வரியை விட்டுடறேன்.

விஷயம் இதுதான். என் குரல் போயிடுச்சு. சளி, இருமல், காய்ச்சல் ஒண்ணும் கிடையாது. போன மாசம் ஒருநாள் காலையில மார்க்கெட்டுல தக்காளி லோடுக்கு ஏலம் விட்டுக்கிட்டிருந்தேன். "ஒரு தரம்" நல்லாத்தான் வந்துச்சு. "ரெண்டு தரம்" வெறும் காத்தா வந்துச்சு. அடுத்ததுக்கு வாய்தான் அசைஞ்சுது. வியாபாரிங்க எல்லாம் நான் ஏதோ விளையாட்டு காட்டறேன்னு சிரிச்சாங்க. அன்னியிலிருந்து தகர டப்பாவுல மணலைப் போட்டு உருட்டற சத்தம்தான். மைக்கே இல்லாம கடைசி கடை வரைக்கும் கேக்கும்னுதானே எனக்கு மைக்னு பேரு வச்சாங்க? இப்போ என் இடத்துல நின்னு ஏலம் விடறது எடை போடற பையன், நம்ம தராசு. எழவு சொல்ற மாதிரி சொல்றான். வெங்காயம் வாங்க வந்தவன் துக்கம் விசாரிச்சுட்டுப் போறான்.

தண்ணி குடிச்சா புரை ஏறுது. புரை ஏறினா யாரோ நினைக்கிறாங்கம்பாங்க. எனக்கு நாள் முழுக்க ஏறுது. இவ்வளவு நினைக்கறதுக்கு எனக்கு யாரு இருக்கா?

தொண்டை டாக்டர் மூக்கு வழியா மெல்லிசா ஒரு கேமரா குழாயை விட்டுப் பார்த்தார். பேசறதுக்குன்னு தொண்டைக்குள்ள ரெண்டு மடிப்பு இருக்காம். வலது பக்கம் ஆடுதாம், இடது பக்கம் அசையாம கிடக்குதாம். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எடுத்தாச்சு. கழுத்துல கட்டி இல்ல, ஒண்ணும் இல்லன்னு ரிப்போர்ட்டும் வந்தாச்சு. ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்லதானே? சீசன் தொடங்கறதுக்குள்ள நான் ஏலத்துல நிக்கணும். நீ ஆஸ்பத்திரியில இதே ஸ்கேன் மெஷினை ஓட்டறவ, தினமும் எத்தனையோ கழுத்தைப் பார்க்கறவ. சிடியை உள்ள வச்சிருக்கேன். ஏலத்துக்குப் போலாமா, கூடாதா, அதை மட்டும் சொல்லு.

உன் புருஷன்கிட்ட மூச்சு விடாதே. சின்ன வயசுல வளர்த்த கோழி செத்ததுக்கு ஒரு வாரம் சாப்பிடாதவன் அவன். உன் போனையும் அவன்தான் நோண்டுவான். அதான் வீட்டுக்கு எழுதாம உன் ஆஸ்பத்திரி விலாசத்துக்கு எழுதறேன்.

போன தடவை நான் உங்க வீட்டுக்கு வந்திருந்தப்போ "அண்ணி, கொஞ்சம் மெதுவா பேசுங்க"ன்னியே. இப்போ சந்தோஷம்தானே? ரொம்ப மெதுவாத்தான் பேசறேன்.

இப்படிக்கு,
உன் நாத்தனார்


ஜனவரி 14

அன்புள்ள அண்ணிக்கு,

ஸ்கேன் ரூம்ல கவரைக் கொண்டு வந்து கொடுத்தாங்க. உங்க கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு திக்குன்னு ஆயிடுச்சு. நீங்க எனக்கு எழுதினதே இல்லையே. வெளியில நோயாளிங்க காத்துக்கிட்டிருந்தாங்க. ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு துணி மாத்தற ரூம்ல நின்னு படிச்சேன்.

அன்னிக்கு பாப்பா மூணு ராத்திரியா தூங்கல அண்ணி, நானும்தான். மெதுவா பேசுங்கன்னுதான் சொன்னேன். பேசாதீங்கன்னு சொல்லல. நீங்க விடிஞ்சதும் பெட்டியைத் தூக்கிட்டீங்க. அப்புறம் வீடு அவ்வளவு அமைதியா இருந்துச்சு, அப்பவும் அவ தூங்கல. இதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமலே நாள் ஓடிடுச்சு.

சரி, படம். படத்தைப் படிச்சு சொல்றது எங்க டாக்டரம்மா வேலை, எடுக்கறதுதான் என் வேலை. அவங்க நிதானமா உக்காந்து பார்த்தாங்க. கழுத்து சுத்தமாத்தான் இருக்காம். ஆனா படம் கழுத்தடியில இருக்கற காறை எலும்புகிட்ட நின்னுடுச்சு. அதுக்குக் கீழ இல்ல.

கீழ எதுக்குன்னு கேப்பீங்க. இடது பக்க மடிப்பை ஆட்டற நரம்பு இருக்கே, அது தலையிலிருந்து இறங்கி நேரா தொண்டைக்குப் போகாது. தொண்டையைத் தாண்டி நெஞ்சுக்குள்ள இறங்கும். இதயத்துக்கு மேல வளையற பெரிய ரத்தக்குழாயை அடியில சுத்தும். அப்புறம்தான் திரும்ப மேல ஏறி தொண்டைக்கு வரும். தலையைச் சுத்தி மூக்கைத் தொடறதுன்னா இதுதான். அதனால நெஞ்சுல எது அமுக்கினாலும் போறது குரல்தான். தொண்டை கம்மினதுக்கு காரணம் தேடறவங்க நெஞ்சையும் பார்க்காம விடக் கூடாது.

உங்க டாக்டர் எழுதின சீட்டும் உள்ள இருந்துச்சு. அதுல "கழுத்தும் மார்பும்"னு தெளிவா எழுதியிருக்கார். எடுத்தது கழுத்து மட்டும். ஏன் அண்ணி?

உங்க தம்பிகிட்ட சொல்லல. ஏலத்துக்குப் போகாதீங்க, தக்காளிப் பெட்டி எதையும் தூக்காதீங்க.

அன்புடன்,
உங்க தம்பி மனைவி


ஜனவரி 19

தம்பி மனைவிக்கு,

ஏன்னா கேக்கறே? பேரம் பேசினேன்.

ஸ்கேன் சென்டர்ல கழுத்துக்கு இவ்வளவு, மார்புக்கு இவ்வளவுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. நான் ஏலக்காரி. ஒருத்தன் ரெண்டு கூடை நீட்டினா ஒண்ணு போதும்னு சொல்றதுதான் என் வாய்ல முதல்ல வரும். "வலி தொண்டையிலே, நெஞ்சுல எனக்கு என்ன குறை, தொண்டையை மட்டும் எடும்மா"ன்னு அந்த மணல் குரல்லயே அடிச்சுப் பேசினேன். "டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம்மா"ன்னு அது கெஞ்சுச்சு. "என் உடம்பு, என் இஷ்டம்"னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பேரத்துல ஜெயிச்ச சந்தோஷத்துல ஆட்டோ பிடிக்காம நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

நீ இப்போ நரம்பு நெஞ்சைச் சுத்துதுங்கறே. எந்த ஊர்ல நரம்பு இப்படி ஊர் சுத்தும்? ஆளைப் பயமுறுத்தாதே. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்பாங்க, என் வாயே போயிடுச்சு, அந்தக் கவலையிலேயே எனக்கு சோறு இறங்கல. இதுல புதுசா நெஞ்சு வேற.

மாட்டேன். இதோட விடு.

நாத்தனார்


ஜனவரி 23

அண்ணி,

விட மாட்டேன்.

உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. கட்டியா இருக்கலாம். ரத்தக்குழாய் வீக்கமா இருக்கலாம். ஒண்ணுமே இல்லாம, ஏதோ கிருமி வந்து நரம்பு களைச்சுப் போயிருக்கலாம், அது தானா சரியாயிடும். எங்க மேஜைக்கு மூணு மாதிரியும் வந்திருக்கு. பார்த்தாத்தான் தெரியும். பார்க்காததால யாருக்கும் எதுவும் இல்லாம போனதில்ல.

உங்களை நினைக்கறதுக்கு யாரு இருக்கான்னு எழுதியிருந்தீங்க. சாப்பிடும்போது நினைக்கிறேன். பாப்பாவைக் குளிப்பாட்டும்போது நினைக்கிறேன். ஒவ்வொரு கழுத்தா படுக்க வைக்கும்போதும் நினைக்கிறேன். உங்களுக்குப் புரை ஏறுதுன்னா அது நான்தான்.

இங்க வாங்க. நான் எடுக்கறேன்.

உங்க
தம்பி மனைவி


பிப்ரவரி 1

என்னம்மா இப்படி எழுதிட்டே,

பதில் எழுத உக்காந்து உக்காந்து எழுந்துட்டேன். பேரம்னு எழுதினது பொய் இல்ல. ஆனா அது பாதிதான்.

என் வீட்டுக்காரர், நீ இந்தக் குடும்பத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே போயிட்டார். லாரியில சரக்கு ஏத்தறவர். நாலு மூட்டையை ஒண்ணா முதுகுல வாங்குவார். ஒரு இருமல் விடாம இருந்துச்சு. நெஞ்சை ஸ்கேன் எடுக்கணும்னாங்க. சட்டையைக் கழட்டி என் கையில கொடுத்துட்டு, "பிடிச்சுக்க, இதோ வந்துடறேன்"னு சிரிச்சுக்கிட்டே உள்ள போனார். திரும்பி வந்தப்போவும் அதே மனுஷன்தான். ஆனா அந்தப் படம் வந்த நாள்லேருந்து அவர் மார்க்கெட்டுப் பக்கமே வரல. நடந்து போனவரை படுக்கையில போட்டது நோய்தான்னு புத்திக்குத் தெரியும். மனசு மட்டும் அந்தப் படத்தைத்தான் திட்டும்.

அந்தப் பொண்ணு "மார்பும் எடுக்கணும்"னு சொன்னதும் என் கையில அந்தச் சட்டை இருக்கற மாதிரியே இருந்துச்சு. நான் போனா சட்டையை யாரு பிடிச்சுக்கறது? அதான் பேரம் பேசினேன். பயம்னு சொல்ல வெக்கம். ஊரையே கூப்பிட்டு விலை சொன்னவளுக்கு பயம்னு சொன்னா யாரு நம்புவா?

இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. குரல் இருந்திருந்தா உன்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்.

மைக்


பிப்ரவரி 5

அன்புள்ள மைக் அண்ணிக்கு,

சட்டையை நான் பிடிச்சுக்கறேன்.

வெள்ளிக்கிழமை காலையில உங்களுக்கு இடம் வச்சிருக்கேன். டாக்டரம்மாகிட்ட சொல்லியாச்சு. கையில ஒரு ஊசி மருந்து போடுவாங்க, உடம்பு முழுக்க சூடு பரவும். படுத்த இடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி இருக்கும். போயிருக்க மாட்டீங்க, பதறாதீங்க. மூச்சைப் பிடிக்கச் சொல்ற நேரம் மட்டும் பிடிச்சாப் போதும், படம் கலங்காது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் இருப்பேன், தலையைத் திருப்பாம கண்ணை மட்டும் சாய்ச்சா நான் தெரிவேன்.

அவருக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. நீங்க வந்து கதவைத் தட்டுங்க, நீங்களே சொல்லிக்குங்க. அவர் அழுதா அழட்டும், தம்பிதானே.

கூடவே வர்றதுக்கு ஆள் வேணும்னா தராசைக் கூட்டிட்டு வாங்க. மார்க்கெட் ஒருநாள் துக்கம் இல்லாம இருக்கட்டும்.

உங்க
தம்பி மனைவி


பிப்ரவரி 17
நாலாவது மாடி வார்டு

கீழ ஸ்கேன் ரூம்ல இருக்கற பூனைக்கு,

இனிமே உனக்கு இதான் பேரு. நடக்கறது தெரியாது, பேசறது கேக்காது. நர்ஸம்மா கீழ போறாங்களாம், அவங்ககிட்ட இதைக் கொடுத்து விடறேன். வாயால சொல்ல முடிஞ்சிருந்தா நாலு மாடிக்கும் சேர்த்தே கத்தியிருப்பேன்.

முதல்ல ஒரு சண்டை. மெஷின்ல "மூச்சை இழுங்க, பிடிங்க"ன்னு பதிவு பண்ணி வச்சிருக்கறது உன் குரல்தானாமே? அது குரலா? காதுல எறும்பு பேசற மாதிரி இருக்கு! பிடிங்கன்னது கேட்டுச்சு, விடுங்கன்னது கேக்கல. கண்ணு பிதுங்கற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே கிடந்தேன். நோயால போகாத உயிர் உன் மெஷின்ல போயிருக்கும்.

கண்ணைச் சாய்ச்சுப் பார்த்தேன். என் சேலை, வளையல், மூக்குக் கண்ணாடி எல்லாத்தையும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு கண்ணாடிக்குப் பின்னால நின்னே. அதை நான் மறக்க மாட்டேன்.

ஆபரேஷன் டாக்டர் வந்து சொல்லிட்டார். இதயத்துக்கு மேல வளையற அந்தப் பெரிய குழாய் பலூன் மாதிரி வீங்கி இருக்காம். அந்த வீக்கம் நரம்பை நசுக்கினதுலதான் குரல் போச்சாம். இப்படியே நின்னு கத்திக்கிட்டும் பெட்டி தூக்கிக்கிட்டும் இருந்தா ஒருநாள் வெடிச்சிருக்கும்னார். "குரல் போனதுதாம்மா உங்களைக் காப்பாத்துச்சு"ன்னார். தலைக்கு வந்தது தொண்டையோட போச்சு, போ. நாளைக்குக் காலையில தொடை வழியா ஒரு குழாயை விட்டு, உள்ளுக்குள்ள ஒட்டுப் போடப் போறாங்களாம்.

உன் புருஷன் பக்கத்துல உக்காந்து என் விரலைப் பிடிச்சுக்கிட்டு தூங்கறான். நான் கதவைத் தட்டின அன்னிக்கு அவன் அழுத அழுகையில பாப்பா முழிச்சுக்கிச்சு. அவனை மட்டும் யாரும் மெதுவா அழுன்னு சொல்லல. கவனிச்சுக்கிட்டேன்.

நாளைக்கு நான் வரலைன்னா தராசுகிட்ட சொல்லு, ஏலத்துல வாயைத் திறந்து பேசணும்னு. பாப்பாகிட்ட சொல்லு, அத்தைக்கு ஒரு காலத்துல நல்ல குரல் இருந்துச்சுன்னு. பயமா இருக்கு பூனை. உன்கிட்ட சொல்ல வெக்கமா இல்ல.

மைக்


பிப்ரவரி 17
கீழ்த்தளம்

அண்ணி,

வெளியில ஆள் காத்திருக்காங்க, ரெண்டு வரிதான்.

உங்க படம் திரையில ஏறினப்போ நான்தான் முதல்ல பார்த்தேன். அந்த வளைவு எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியும். அது அப்படி இல்லைன்னு தெரிஞ்சுடுச்சு. நோயாளி முன்னாடி முகத்தை மாத்தக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லித் தருவாங்க. அதான் உங்க சேலைத் தலைப்புல முகத்தை வச்சுக்கிட்டேன். அணைச்சுக்கிட்டேன்னு நினைச்சுட்டீங்க. ரெண்டும்தான்.

ஆனா கேளுங்க. உங்க வீட்டுக்காரருக்கு எடுத்த படம் கெட்ட சேதியோட வந்துச்சு. உங்க படம் வழியோட வந்திருக்கு. எங்கே ஒட்டுப் போடணும்னு அவங்களுக்குக் காட்டப் போறதே அதுதான்.

பாப்பாகிட்ட நான் எதையும் சொல்லப் போறதில்ல. நீங்களே வந்து சொல்லுங்க. அவ தூங்கினாலும் எழுப்பிச் சொல்லுங்க.

வளையலும் கண்ணாடியும் என் பையிலயே இருக்கு. வாங்கிக்க நீங்க வந்தாகணும்.

உங்க
பூனை


ஜூன் 11

பூனைக்கு,

வளையல் வாங்கிட்டு வந்து நாலு மாசம் ஆகப் போகுது. ஒரு போஸ்ட்கார்டு உண்டா உன்கிட்டேருந்து? போன்ல உன் புருஷன்தான் "எப்படி இருக்கே, எப்படி இருக்கே"ன்னு நச்சரிக்கிறான். ரகசியம் தீர்ந்ததும் கடிதாசியும் தீர்ந்துடுச்சா? எனக்கு உன் கையெழுத்து பழகிப் போச்சு.

குரல் கதைக்கு வர்றேன். இவ்வளவு வரும், இவ்வளவு வராதுன்னு யாரும் சத்தியம் பண்ணல. மூச்சுப் பயிற்சி சொல்லித் தர்ற அம்மா வாரா வாரம் "ஆ... ஈ..."ன்னு என்னைப் பாட வைக்கறாங்க. போன செவ்வாய்க்கிழமை பால்காரர் பாக்கெட்டை வச்சுட்டுப் போயிட்டிருந்தார், ஒண்ணு குறையுது. நினைக்கவே இல்ல, "ஏய் நில்லு!"ன்னு வந்துடுச்சு. தெரு முனையில போனவர் சைக்கிளை விட்டு இறங்கிட்டார். அவர் திரும்பி வந்து பாக்கெட்டை நீட்டறார், நான் வாசல்ல நின்னு அழறேன். பாவம், ஒரு பாக்கெட்டுக்கா இந்த அழுகைன்னு பயந்து ரெண்டா கொடுத்துட்டார்.

பழைய குரல் இல்ல. மணல் போயிடுச்சு, டப்பா இருக்கு. அது போதும்.

மைக்


ஜூலை 2

அன்புள்ள அண்ணிக்கு,

உங்க கடிதாசியை உங்க தம்பிக்கும் படிச்சுக் காட்டினேன். எதிர்பார்த்த மாதிரியே ஆச்சு. துண்டு நனைஞ்சுது.

எழுதாததுக்குக் காரணம் சோம்பேறித்தனம்தான், வேற ஒண்ணும் இல்ல. இனிமே எழுதறேன்.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். என் எறும்புக் குரலைப் பத்தி நீங்க மட்டும் சொல்லல. காது மந்தமான பெரியவங்க மூச்சை எப்போ பிடிக்கறது, எப்போ விடறதுன்னு தெரியாம தவிக்கறாங்க. நடுவுல மூச்சு விட்டுடறாங்க, படம் கலங்கிடுது, திரும்ப எடுக்க வேண்டியிருக்கு. டாக்டரம்மாகிட்ட பேசினேன். மெஷின்ல குரலை மாத்திப் பதிஞ்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க.

நீங்க பேசுவீங்களா அண்ணி? "மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க, விடுங்க." இவ்வளவுதான். போன்ல பதிஞ்சு அனுப்பினா நான் ஏத்திக்கறேன்.

மெதுவா பேசாதீங்க.

உங்க
பூனை


ஜூலை 9

பூனைக்கு,

அனுப்பிட்டேன். தராசு போனைப் பிடிச்சுக்கிட்டான். நான் "விடுங்க"ன்னதும் அவன் நிஜமாவே போனை விட்டுட்டான். திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியதாப் போச்சு. கடைசியா எடுத்ததுல என்னை அறியாம "மூணு தரம்!"னு முடிச்சுட்டேன். அதை வெட்டிட்டுப் போட்டுக்க.

என்னைப் போய் பேசச் சொன்னது நீதான். நல்லா ஞாபகம் வச்சுக்க.

மைக்


செப்டம்பர் 20

என் பூனைக்கு,

பரிசோதனைக்கு வந்துட்டு வீடு வந்து சேர்ந்தேன். பஸ்ல நல்ல இடம் கிடைச்சுது. ஒட்டு அப்படியே உக்காந்திருக்காம், வீக்கம் சுருங்கியிருக்காம். டாக்டரம்மா சொல்லும்போது நீ பக்கத்துல நின்னு சிரிச்சியே, எனக்கு அந்தச் சிரிப்பே ரிப்போர்ட் மாதிரி இருந்துச்சு.

ஆனா அதுக்கு முன்னாடி நடந்ததை உன்கிட்ட நேர்ல சொல்ல முடியல. அதான் எழுதறேன்.

மெஷினுக்குள்ள படுத்திருந்தேன். அவர் சட்டை, அந்த ஞாபகம் எல்லாம் வந்துச்சு. அப்போ தலைக்கு மேல ஒரு பொம்பளை, "மூச்சை நல்லா இழுங்க!"ன்னா. நான் படுத்த படுக்கையிலேயே துள்ளிட்டேன். யாருடி இவ, மார்க்கெட்டுல நிக்கறவ மாதிரி? அப்புறம்தான் தெரிஞ்சுது. "பிடிங்க!"ன்னா, பிடிச்சேன். அவ அவ்வளவு தைரியமா சொன்னா. அவளுக்கு எதுவும் ஆகாதுன்னு எனக்கே தோணிடுச்சு. "விடுங்க!"ன்னா, விட்டேன். கடைசியா "மூணு தரம்!"னும் சொன்னா. வெட்டச் சொன்னேனே, பாவி, நீ வெட்டவே இல்ல!

வெளியில வந்தா வரிசையில ஒரு தாத்தா உக்காந்திருந்தார். எனக்கு முன்னாடியே எடுத்தவராம், ரிப்போர்ட்டுக்காக இருந்தார். "உள்ள ஒரு அம்மா மிரட்டுதே, யாரு அது? பயத்துல நோயே ஓடிடும் போல"ன்னு பக்கத்துல இருந்தவர்கிட்ட சொன்னார். நான் வாயைத் திறக்கல. திறந்தா கண்டுபிடிச்சுடுவார்.

மார்க்கெட்டுல முதல் லோடு மட்டும் என்னுது, மத்ததெல்லாம் தராசு. பெட்டி தூக்கறதில்ல, சத்தியம். அவனும் கொஞ்சம் தேறிட்டான். இப்போ எழவு இல்ல, வெறும் காய்ச்சல் வீடு.

பாப்பாவுக்கு முத்தம். நான் வந்திருந்தப்போ ஒரு தடவைகூட நீ என்னை மெதுவா பேசச் சொல்லல. அவ முழிச்சுக்கிட்டு என் மடியில ஏறி, என் வாய்க்குள்ள விரலை விட்டு சத்தம் எங்கேருந்து வருதுன்னு தேடினா. நெஞ்சுலேருந்து வருதுடின்னு சொன்னேன். உன்கிட்ட படிச்ச பாடம்தான்.

இன்னொண்ணு. இப்போ தண்ணி குடிச்சா புரை ஏறறதே இல்ல. அதுக்காக நீ நினைக்கறதை நிறுத்திடாதே.

உன்
மைக்